மூன்றாவது கேமராவின் ஒற்றைக் கால்

1. கையை எடுங்க

கேமராவைத் தொட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது முதலாளியுடையது. ஆனால் மோனோபாட், கேமராவைத் தாங்குகிற ஒற்றைக்கால் குச்சி, என் சொந்தம். அதன் கழுத்தைப் பிடித்து ஒருவர் இழுத்தார். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மண்டபம் நிறைய விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்னா எடுக்கற? மணவறை இந்தப் பக்கம்லா இருக்கு. சமையக்கட்டுப் பக்கம் ஒனக்கு என்னா வேல?"

இழுத்தவர் மணப்பெண்ணின் பெரியப்பா. பட்டு வேட்டி, கழுத்தில் மைனர் சங்கிலி, கிட்டே வந்தாலே மூக்கைத் துளைக்கும் அத்தர் வாசனை. காலையிலிருந்து மண்டபத்தில் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தவர், கடைசியாக என்னிடம் வந்து சேர்ந்தார்.

"மொதல்ல கைய எடுங்கண்ணே," என்றேன்.

"சொன்னதக் கேளு. அந்தக் கதவுப் பக்கம் கேமரா திரும்பக் கூடாது. ஒன் மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

"கைய எடுங்கன்னு சொன்னேன்."

எடுத்தார். ஆனால் போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம், "பொம்பளைங்க கையில கேமராவக் குடுத்தா இப்படித்தான்," என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். 

அவர் காட்டக் கூடாது என்று சொன்ன அந்தக் கதவருகே நின்றிருந்தவர் சரோஜா அக்கா. மணப்பெண்ணைப் பெற்ற தாய்.

2. ஊன்றுகோல் என்று சிரித்தவர்களுக்கு

வீடியோ வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாசு என்பவரின் ஸ்டூடியோவில் நான் கேமரா பிடிக்கிறேன். வயதில் அவர் எனக்குச் சின்னவர். நான் அவரை வாசு என்பேன், அவர் என்னை மல்லிகாக்கா என்பார். கல்யாணங்களை நாங்கள் லைவ் செய்வோம். பல கேமராக்களிலிருந்து படம் வயர்லெஸ்ஸில் வாசுவின் ஸ்விட்சர் மேசைக்கு வரும். அவர் எதைத் தேர்ந்தெடுத்து அழுத்துகிறாரோ அது மண்டபத்தின் பெரிய எல்.ஈ.டி. ஸ்கிரீனில் தெரியும். எங்கள் எல்லார் காதிலும் ஹெட்செட் இருக்கும். "ஒண்ணு ரெடி, ரெண்டு எடுக்கறேன்," என்று வாசு பேசிக்கொண்டே இருப்பார்.

முன்பு நானும் மூன்று கால் ட்ரைபாட்தான் தூக்கினேன். ஒரு தைப்பூசத்தில் அதைச் சுமந்துகொண்டு தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறி இறங்கியதில் வலது தோள் போயிற்று. அதன் பிறகு கார்பன் ஃபைபரில் ஒரு மோனோபாட் வாங்கினேன். ஒரு தேங்காய் எடைகூட இருக்காது. மடக்கினால் கைப்பைக்குள் அடங்கும், நீட்டினால் என்னைவிட உயரம். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. "என்னாக்கா, அதுக்குள்ள ஊன்றுகோலா?" என்பார்கள். எங்களுடன் வேலை செய்யும் நாதன், கேமராவை ஆடாமல் தாங்குகிற கிம்பலைக் கையில் பிடிக்கிறவர். அவருக்கு இது செல்ஃபி ஸ்டிக்காம். சிரிக்கட்டும். ட்ரைபாட் வைக்க மூன்று பேர் நிற்கிற இடம் வேண்டும். கல்யாண வீட்டில் அந்த இடத்தை யார் தருவார்கள்? மாமிகள் அதில் கைப்பையை மாட்டுவார்கள், குழந்தைகள் காலைத் தட்டுவார்கள். மோனோபாடுக்கு ஒரு காசளவு தரை போதும்.

ஆனால் அது தானாக நிற்காது. மீதி இரண்டு கால் நம்முடையவை. காலை அகட்டி நின்று, குச்சியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பாதி மூச்சை விட்டு நிறுத்தவேண்டும். திரும்பும்போது கையால் திருப்பக் கூடாது, இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். இதைப் பழகச் சோம்பேறித்தனப்படுகிறவர்கள்தான் குச்சியைக் குறை சொல்கிறார்கள்.

3. பெரிய ஸ்கிரீன் கேட்டவர்

சரோஜா அக்கா சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் ஷாமினி தொடக்கப்பள்ளி போகும் வயதில் கணவர் இறந்துவிட்டார். மாமன், மச்சான், பெரியப்பா என்று எல்லாரும் இருந்தார்கள். படிக்க வைத்தது, ஆளாக்கியது இந்த ஒரு மனுஷிதான். கல்யாணத்துக்கு மண்டபம், மாலை, மேளம், சாப்பாடு எல்லாம் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்ததும் அவரே. எங்கள் கடைக்கும் வேலை முடிந்து தொழிற்சாலைச் சீருடையோடு நேரே வந்தார்.

"தம்பி, அந்த ஸ்கிரீன் இருக்கில்ல, அது நல்லா பெருசா போடுங்க," என்றார்.

வாசு, "மண்டபம் சின்னதுதானேக்கா. ரெண்டு சின்ன டிவி போதும்லா," என்றார்.

"இல்ல தம்பி, பெருசு. சமையக்கட்டுக் கதவுகிட்ட நின்னு பாத்தாலும் தாலி கட்றது பளிச்சின்னு தெரியணும்."

சமையல் வேலைக்கு வருகிறவர்கள்கூடப் பார்க்கட்டும் என்று நினைக்கிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நான் எண்ணிக்கொண்டேன். வேறு மாதிரி எண்ண எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணத்தன்று காலை, அலங்கார அறையில் ஷாமினியைப் படம் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேக்கப் செய்கிறவர் வெளியே போனதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு ஷாட் வேணும். தாலி ஏறும்போது எங்கம்மா மூஞ்சி."

"அதுக்கென்னாம்மா, மேடையிலதானே இருப்பாங்க? தனியா ஒரு க்ளோஸப் எடுத்துடறேன்."

"மேடையில இருக்க மாட்டாங்கக்கா. பெரியப்பாவும் பெரியம்மாவுந்தான் தார வாக்கறாங்க. அம்மா பின்னாடி சமையக்கட்டுக் கதவுகிட்ட நிப்பாங்க. பெரியப்பா சொன்னாரு, இவங்களும் தலையாட்டிட்டாங்க. சண்ட போட்டுப் பாத்துட்டேன். 'என் கண்ணு படக்கூடாதும்மா'ங்கறாங்க." என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அந்தக் கண்ணுலதான்க்கா நான் வளந்தேன். இன்னிக்கு மட்டும் அது கெட்டதாயிடுச்சா?"

  மனுஷி பெரிய ஸ்கிரீன் கேட்டது தனக்காக. தான் எங்கே நிறுத்தப்படுவோம் என்று தெரிந்து, அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் திரையை அளந்து வாங்கியிருக்கிறார். மகளின் கல்யாணத்தைத் தூரத்திலிருந்து திரையில் பார்ப்பதற்கு.

"எடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4. கஸ்டமர் யாரு?

மண்டபத்தின் பக்கச் சுவர் ஓரமாக, மணவறைக்கும் சமையற்கட்டுக் கதவுக்கும் நடுவே ஒரு தூண். அங்கே ஒற்றைக் காலை ஊன்றினேன். இந்தப் பக்கம் திரும்பினால் மேடை, அந்தப் பக்கம் திரும்பினால் சரோஜா அக்கா. மகள் எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டு கட்டியிருந்தார். தலையில் பூ இல்லை. கதவு நிலையில் பாதி மறைந்து நின்றார். அவரை ஃப்ரேமில் வைத்து ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியப்பா வந்து மோனோபாடை இழுத்தது.

அவர் போன கையோடு ஹெட்செட்டில் வாசு பேசினார்.

"மல்லிகாக்கா, அந்த ஆளு மேசைகிட்ட வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு. நமக்கு எதுக்குலா பிரச்சன? மணவறைகிட்ட வந்துருங்க."

"வாசு, இது பொண்ணு கேட்ட ஷாட்."

"அது சரிக்கா. அவரு குடும்பத்துப் பெரியவரு..."

"கஸ்டமர் யாரு? நம்ம கடைக்கு வந்து பேசினது யாரு? அவரா?"

"அந்தம்மா."

"அந்தம்மாவத்தான் எடுக்கறேன்."

 வாசு சொன்னார்: "சரி, ரெக்கார்ட் பண்ணிக்கிங்க. ஸ்கிரீன்ல போட மாட்டேன். என்னை வம்புல மாட்டி விட்றாதீங்க."

முதலாளிகளுக்கு எப்போதும் வம்புதான் கவலை.

மேடையில் தாரை வார்க்கத் தொடங்கினார்கள். பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பெண் எந்தப் பள்ளியில் படித்தாள் என்றாவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அட்சதைத் தட்டு வரிசை வரிசையாகப் போயிற்று. எல்லாரும் கை நீட்டி எடுத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையோடு தட்டு திரும்பிவிட்டது. கதவருகே நின்ற தாயிடம் யாரும் கொண்டுபோகவில்லை. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த ஒரு சமையற்கார அக்கா தன் கையில் இருந்த அட்சதையில் பாதியை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

5. ஃபேன்

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் கையைத் தூக்கினார்.

நாற்காலிகள் கிரீச்சிட, மண்டபமே எழுந்து நின்றது. எங்கள் தொழிலில் இந்த நொடிக்குத்தான் எல்லா ஏற்பாடும். இந்த நொடியில்தான் எல்லாம் கெடும்.

முதல் கேமரா நாதனுடையது. மணவறைக்கு முன்னாலேயே நின்றார். அவருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நிபோங் திபாலிலிருந்து வந்த ஓர் உறவினர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது அது. நாதன் கெஞ்சுவது என் காதில் விழுந்தது. "அங்கிள், ப்ளீஸ்லா அங்கிள்!" யார் கேட்டார்கள்? இரண்டாவது கேமரா நடுவில் ட்ரைபாடில் பூட்டி வைத்தது. அட்சதை போட முண்டியடித்தவர்களில் யாரோ அதன் காலைத் தட்டிவிட்டார்கள். கேமரா மல்லாந்துவிட்டது. வாசு அந்த நேரம் பார்த்து இரண்டாம் பட்டனை அழுத்தியிருந்தார். அவ்வளவு பெரிய ஸ்கிரீனில் கூரையில் சுற்றுகிற ஃபேன் தெரிந்தது.

மூன்றாவதான என் கேமரா சரோஜா அக்கா மேல் இருந்தது. அவருக்கு முன்னால் முதுகுகள்தான். மேடை தெரியாது. ஸ்கிரீனைப் பார்த்தார். ஃபேன். குதிகாலைத் தூக்கிக் கழுத்தை நீட்டினார். மறுபடி ஸ்கிரீன். மறுபடி ஃபேன். அந்த முகத்தை நான் இப்போதும் மறக்கவில்லை. மகள் கேட்ட ஷாட் அதுதான், தாலி ஏறும்போது அம்மாவின் முகம். ஆனால் அந்த அம்மாவுக்குத் தாலி ஏறுவது தெரியவில்லை. அட, பாவிகளா! ஒரு ஃபேனைப் பார்க்கவா இந்த மனுஷி இவ்வளவு பாடுபட்டார்?

பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காலால் இழுத்தேன். மோனோபாடை முழு நீளத்துக்கு நீட்டி, அதன் காலை நாற்காலி மேல் ஊன்றி, முழங்காலால் நாற்காலியை அணைத்துக்கொண்டேன். கேமரா எல்லார் தலைக்கும் மேலே போய்விட்டது. அதன் குட்டித் திரையைக் கீழ்நோக்கி மடக்கி வைத்து, மேடைப் பக்கம் திரும்பினேன். மாப்பிள்ளையின் கை, மஞ்சள் கயிறு, ஷாமினியின் குனிந்த கழுத்து எல்லாம் சுத்தமாகக் கிடைத்தன. தூக்கிப் பிடித்த கனமான கிம்பலோடு இதைச் செய்திருக்க என் தோள் விட்டிருக்காது.

"வாசு, மூணு எடு! மூணு எடு!" என்று கத்தினேன்.

எடுத்தார். ஃபேன் போய்த் தாலி வந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். அவர் தங்கை குனிந்து அடுத்ததைப் போட்டு, கடைசி முடிச்சுக்குக் கயிற்றைப் பிடித்தாள்.

அப்போது இடுப்பிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். மெதுவாக. நிறுத்தாமல். முடிச்சுப் போடும் கைகளிலிருந்து, பறக்கிற அட்சதை வழியாக, தலைகளுக்கு மேலே, சுவர் ஓரமாக, கதவு வரை. வாசு ஷாட்டை மாற்றுவார் என்று எதிர்பார்த்தேன். மாற்ற அவரிடம் வேறு படம் இல்லை. ஆனால் காதில் அவர் சொன்னது வேறு.

"நிறுத்தாதீங்கக்கா. போங்க. போங்க."

ஸ்கிரீன் முழுக்கச் சரோஜா அக்கா. கன்னம் நனைந்திருந்தது. மகளுக்குத் தாலி ஏறியதைப் பார்த்துவிட்டார். கையில் இருந்த அட்சதையை மேடையை நோக்கி வீசினார். அது எங்கே போய்ச் சேரும்? அவர் காலடியிலேயே தரையில் சிந்தியது. தன் முகம் திரையில் வந்துவிட்டதைக் கண்டதும், விரித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். மண்டபமே பார்த்தது. மேளம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

ஷாமினியும் பார்த்தாள். அவள் முந்தானையையும் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தையும் ஐயர் சேர்த்து முடிச்சுப் போட்டதும் எழுந்தாள்.

"இன்னும் அம்மி மிதிக்கணுமேம்மா," என்றார் ஐயர்.

"வந்துர்றேன் சாமி."

"ஷாமினி! உக்காரு!" என்று பெரியப்பா எகிறினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சு இழுக்க மாப்பிள்ளையும் எழுந்தார். "முடிச்சுப் போட்டாச்சு பெரியப்பா. அவ போற எடத்துக்கு நான் போய்த்தானே ஆகணும்?" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்தார். நல்ல பையன். கூட்டம் வழிவிட்டது.

"வேணாம்மா, வேணாம்மா, அங்கயே இரு," என்று சரோஜா அக்கா சமையற்கட்டுக்குள் பின்வாங்கப் பார்த்தார். ஷாமினி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மணமக்கள் இருவரும் மாலையும் கழுத்துமாக அவர் காலில் விழுந்தார்கள். ஆசீர்வாதம் செய்யக் கையைப் பார்த்தார் அந்தத் தாய். கை வெறுமையாக இருந்தது. குனிந்து, தரையில் சிந்திய அட்சதையை விரலால் கூட்டி அள்ளி, இரண்டு தலையிலும் போட்டார்.

என் குச்சி ஆடவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

6. எங்க வெட்டட்டும்?

பிறகு ஒருநாள் பெரியப்பா கடைக்கு வந்தார். கல்யாண வீடியோவில் தனக்கும் ஒரு காப்பி வேண்டும், உறவுக்காரர்களுக்குக் காட்டவேண்டும் என்றார்.

"அந்தக் கதவு சமாச்சாரத்த மட்டும் வெட்டிட்டுக் குடு தம்பி."

வாசு கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார். "எங்க வெட்டட்டும்ணே?"

"அவ மூஞ்சி வர்றதுக்கு முன்னாடி."

"அப்ப கடைசி முடிச்சு விழறதுக்கு முன்னாடியே படம் நின்னுரும். ஒரே ஷாட்டுண்ணே இது. கையிலேருந்து அப்படியே அவங்ககிட்ட போவுது. நடுவுல வெட்டினா தாலி பாதியில நிக்கும். அத வீட்டுல போட்டுப் பாப்பீங்களா?"

பெரியப்பா முகம் மாறிவிட்டது. பாதியில் நிற்கிற தாலியை எந்த வீட்டில் போட்டுப் பார்ப்பார்கள்? "வேற கேமரா வச்சிருந்தீங்கள்ல?"

"இருக்கே. ஒண்ணுல டேப்லெட்டு தெரியுது, ஒண்ணுல ஃபேன் சுத்துது. எது வேணும்?"

நான் மூலையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரு குச்சிய வச்சிகிட்டு எங்க குடும்ப மானத்த வாங்கிட்டே."

"ஒங்க குடும்பத்து ஆளுதானே அவங்களும்? அவங்கள ஒளிச்சு வச்சப்ப போகாத மானம், காட்டினப்பவா போச்சு?" என்றேன். முதலாளி கடை, வந்தவர் வாடிக்கையாளர், எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். வாசு என்னைத் தடுக்கவில்லை. பெரியப்பா காப்பியை வாங்காமலே போனார்.

சரோஜா அக்காவும் வந்தார், சீருடையில்தான். வீடியோவைக் கடையிலேயே போட்டுப் பார்த்தார். தன் முகம் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா என்னப் போயி எடுத்தே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, வாசுவிடம், "தம்பி, அத இன்னொருவாட்டி போடுங்க," என்றார்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணவறை எங்கே, லைட் எங்கே, பிளக் பாயிண்ட் எங்கே என்று பார்ப்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். நல்ல மோனோபாட் வாங்குங்கள், எடை குறைவாக வாங்குங்கள், காலை அகட்டி நிற்கப் பழகுங்கள், இடுப்பிலிருந்து திரும்புங்கள். கூட்டம் எழுந்து நின்றால் எதன் மேல் ஊன்றலாம் என்று முன்னாலேயே ஒரு நாற்காலியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஊன்றுவது என்பதை மட்டும் பெரியப்பாக்களிடம் கேட்காதீர்கள்.

நான் இப்போதெல்லாம் மண்டபத்துக்குப் போனதும், பெண்ணைப் பெற்றவள் எங்கே நிற்கிறாள் என்றுதான் முதலில் தேடுகிறேன். மேடையில் இருந்தால் சந்தோஷம். சமையற்கட்டுப் பக்கம் நின்றால், அங்கே தெரிகிற மாதிரி ஒரு தூண் ஓரமாகப் போய் ஒற்றைக் காலை ஊன்றிவிடுவேன். யார் வேண்டுமானாலும் வந்து பிடுங்கிப் பார்க்கட்டும்.